பிராசஸர் மாற்றுவது பாதி வேலை, சூட்டை வெளியேற்றுவது மீதி

பெரிய அலுவலகங்களும் டிசைன் நிறுவனங்களும் பத்து வருடத்துக்கு முன்னால் வாங்கிப்போட்ட வொர்க்ஸ்டேஷன்கள், அதாவது கனமான வேலைக்கான கம்ப்யூட்டர்கள், இப்போது கழித்துவிடப்பட்டு, சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் டி5810, லெனோவோ திங்க்ஸ்டேஷன் பி500 எல்லாம் அந்த ரகம். கனமான கேபினெட், மின்சாரம் தரும் நல்ல எஸ்எம்பிஎஸ், எட்டு ரேம் ஸ்லாட் என்று உடம்பு இன்னும் கெட்டியாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் பிராசஸர்தான் பல சமயம் ஏமாற்றும். ஒரேயடியாக ஐம்பது மெஷின் வாங்கும் நிறுவனம் காசை மிச்சம் பிடிக்கும் முதல் இடம் அதுதான்.

உதாரணத்துக்கு இன்டெல் ஜியான் இ5-2603 வி3 (வி3 என்பது மூன்றாம் பதிப்பு). 6 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ (தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டுவது) கிடையாது. அதே சாக்கெட்டில், அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தில், ஜியான் இ5-2690 வி4 உட்காரும். அதில் 14 கோர், 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 3.5 வரை எகிறும். மதர்போர்டு, ரேம், டிஸ்க் எதையும் தொடாமல் இந்த ஒன்றை மட்டும் மாற்றினால், வீடியோ ரெண்டரிங் செய்கிறவருக்கு அது வேறு மெஷின்.

பார்த்தால் சின்ன வேலைதான். நாலு ஸ்க்ரூ, இரண்டு லீவர். ஆனால் இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்க்ரூவில் மாட்டுவதில்லை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவார்கள். இல்லையென்றால் பிராசஸரை மாற்றிவிட்டு, அதன் தலைமேல் இருந்து சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க்கைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். அதனால் சூட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

சூடு போகும் பாதை

பிராசஸருக்குள் போகும் மின்சாரம் முழுக்கவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஒரு பிராசஸரின் டிடிபி 135 வாட் என்றால், முழு வேலையில் இருக்கும்போது ஏறக்குறைய அவ்வளவு சூட்டை அதிலிருந்து இறக்கியாக வேண்டும் என்று அர்த்தம். டர்போவில் ஓடும் சில நொடிகளுக்கு அதைத் தாண்டவும் செய்யும். இத்தனையும் சில சதுர சென்டிமீட்டர் சிலிக்கானிலிருந்து கிளம்புகிறது.

சிலிக்கானின் மேல் நிக்கல் பூசிய செம்பு மூடி ஒன்று இருக்கும். பிராசஸரைக் கையில் எடுத்தால் மாடல் எண் பொறித்திருக்கும் அந்தப் பளபளப்பான தகடுதான் அது. அதற்கு மேல் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட், அதன்மேல் ஹீட்சிங்க்கின் அடித்தட்டு, அதிலிருந்து கிளம்பும் ஹீட்பைப்புகள், அவற்றில் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள், கடைசியாக ஃபேன் தள்ளும் காற்று. ஹீட்பைப் பார்க்கத் திடமான செம்புக் கம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே வெற்றுக் குழாய்தான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மிகக் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகி, சூட்டைச் சுமந்துகொண்டு மேலே போய், தகடுகள் பக்கம் குளிர்ந்து மறுபடி நீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் திரி வழியாகத் திரும்பி வரும். மெஷின் ஓடும் நேரமெல்லாம் இது நடந்துகொண்டே இருக்கும். குழாய் நசுங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ ஹீட்சிங்க் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், வேலை மட்டும் செய்யாது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது குழாய்களின் வளைவுகளை நன்றாகப் பாருங்கள்.

இந்தப் பாதையிலேயே பலவீனமான இடம் இரண்டு உலோகங்களும் சந்திக்கும் இடம். கண்ணுக்கு மழமழவென்று தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட், காற்றுக்கு வெறும் 0.026. நடுவில் பேஸ்ட், நல்ல பிராண்டாக இருந்தால் 5 முதல் 10 வரை. காற்றைவிடச் சில நூறு மடங்கு மேல், ஆனால் செம்பைவிட நாற்பது முதல் எண்பது மடங்கு குறைவு. பேஸ்ட்டை எவ்வளவு வைப்பது என்ற முடிவில்லாத சண்டைக்கு விடை இந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது. காற்றை வெளியேற்றப் போதுமான அளவு வேண்டும். அதற்கு மேல் தடிமனாக இருப்பதெல்லாம் செம்புக்கும் செம்புக்கும் நடுவில் நாமே எழுப்பும் சுவர்.

ஹீட்சிங்க்கையும் ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஹீட்சிங்க்கின் திறமையை வாட்டுக்கு எத்தனை டிகிரி என்று அளப்பார்கள். உங்கள் மெஷினில் இருக்கும் சிறிய ஹீட்சிங்க் வாட்டுக்கு 0.4 டிகிரி என்றும், கேபினெட்டுக்குள் காற்று 35 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். பழைய 2603 வி3-யின் டிடிபி 85 வாட். 85-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 34, அதோடு 35 சேர்த்தால் 69 டிகிரி. பிரச்சினையில்லை. அதே ஹீட்சிங்க்கின் கீழ் 135 வாட் பிராசஸரை வைத்தால் 54 கூட 35, ஆக 89 டிகிரி. சிலிக்கானுக்கு உள்ளே இன்னும் கூடுதலாகவே இருக்கும். இதில் மே மாதத்து மத்தியானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்டுக்கு 0.25 டிகிரி உள்ள பெரிய ஹீட்சிங்க் போட்டால், அதே 135 வாட்டுக்கு மறுபடி 69-க்கே வந்துவிடும்.

சூடு எல்லை மீறினால் பிராசஸர் எரிந்துவிடாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும், அப்படியும் அடங்காவிட்டால் மெஷினையே அணைத்துவிடும். சிக்கல் என்னவென்றால், வேகம் குறைவது வெளியே தெரியாது. 14 கோருக்குக் காசு கொடுத்துவிட்டு, பாதி வேகத்தில் ஓட்டிக்கொண்டு, மெஷின் இவ்வளவுதான் போல என்று இருந்துவிடுவோம்.

வாங்குவதற்கு முன்

சாக்கெட் பெயர் பொருந்துவது மட்டும் போதாது. இ5 வி1, வி2 பிராசஸர்களுக்கு எல்ஜிஏ 2011. வி3, வி4-க்கு எல்ஜிஏ 2011-3. தொடுபுள்ளிகளின் எண்ணிக்கை இரண்டிலும் 2011-தான், ஆனால் ஒன்று மற்றதில் உட்காராது, பக்கவாட்டு வெட்டுகளே வேறு. சாதாரண டெஸ்க்டாப்பில் இன்னும் மோசம். எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறையையும் விற்றது, எட்டாம், ஒன்பதாம் தலைமுறையையும் விற்றது. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான 100, 200 வரிசை சிப்செட் போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸர் அழகாக உட்காரும், ஆனால் மெஷின் ஆன் ஆகாது.

அடுத்தது பயாஸ், போர்டிலேயே இருந்து மெஷினை எழுப்பும் மென்பொருள். வி3 வந்தது 2014-இல், வி4 வந்தது 2016-இல். 2014-இல் தயாரான போர்டுக்கு வி4 என்றால் என்னவென்றே தெரியாது. பயாஸைப் புதுப்பித்தால் தெரிந்துகொள்ளும். அதைப் பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். மாட்டிய பிறகு திரையில் ஒன்றும் வராமல் முழித்துக்கொண்டு, பழையதை மறுபடி மாட்டிப் புதுப்பிப்பது தேவையில்லாத வேலை. எச்பி-யின் முந்தைய மாடலான இசட்420-இல் இன்னொரு வில்லங்கம் உண்டு. அதில் பூட் பிளாக் என்ற பகுதியின் தேதி 2011 என்று இருந்தால் வி2 பிராசஸர் ஓடாது, 2013 என்று இருந்தால் ஓடும். பயாஸைப் புதுப்பித்தாலும் அந்தத் தேதி மாறாது. ஆன் செய்யும்போது எஃப்10 அழுத்தினால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் அது தெரியும். மெஷினே வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

எந்த பிராசஸர் என்பதில் கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங், வீடியோ என்கோடிங், பெரிய கோடை கம்பைல் செய்வது, ஒரே மெஷினில் பல வர்ச்சுவல் மெஷின் ஓட்டுவது, இதெல்லாம் கோரைத் தின்னும் வேலைகள். ஆட்டோகேடில் வரைவது, பத்திரிகை லேஅவுட், கணக்கு மென்பொருள் எல்லாம் ஒரு கோரின் வேகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த வேலைக்கு 14 கோர் 2690 வி4-ஐவிட, 3.6 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 4.0 வரை போகும் 6 கோர் இ5-1650 வி4 எவ்வளவோ மேல். அதன் டிடிபி 140 வாட். கோர் குறைவு என்பதால் சூடும் குறைவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் ஜியான் வாங்கும்போது மூடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். முறையாக விற்பனைக்கு வந்த வி3, வி4 சிப்களில் எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி இருக்கும். க்யூ என்று தொடங்கினாலோ, இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று எழுதியிருந்தாலோ அது சோதனைக்காகத் தயாரித்த சாம்பிள். விலை மலிவாக இருக்கும், சில போர்டுகளில் ஓடவும் ஓடும், ஆனால் பிராண்டட் வொர்க்ஸ்டேஷனில் அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஹீட்சிங்க்கில் பார்க்க வேண்டியது பொருத்தம். எல்ஜிஏ 2011 குடும்பத்துக்கு இரண்டு விதத் துளை அமைப்பு உண்டு. ஒன்று 80-க்கு 80 மில்லிமீட்டர் சதுரம், மற்றது 56-க்கு 94 செவ்வகம். ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுப் பிறகு ஆர்டர் செய்யுங்கள். ஃபேன் கனெக்டரையும் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் கூலர்களில் நாலு பின் இருக்கும்: கிரவுண்ட், 12 வோல்ட், வேகத்தைச் சொல்லும் கம்பி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி. பிராண்டட் மெஷின்களில் சிலதுக்கு ஐந்து பின், அல்லது கம்பிகளின் வரிசையே வேறு. பொருந்தாத ஃபேனை மாட்டினால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் ஃபேன் பிழை என்று நிற்கும். அதனால் என் யோசனை, அந்த மாடலுக்கே அந்த நிறுவனம் உயர்ந்த வாட் பிராசஸருக்காகக் கொடுத்த ஹீட்சிங்க்கைப் பழையதாகவாவது தேடி வாங்குவது. வெளிக் கம்பெனியின் பெரிய கூலர் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் கேபினெட்டின் மூடி மூடாது, காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் கூடு உட்காராது என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

விண்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் யோசித்துக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இந்த ஜியான்கள் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கழற்றுவது

விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்திவைத்து, ரெகவரி கீயை வேறெங்காவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு மெஷினைப் பத்து நிமிடம் ஏதாவது வேலை கொடுத்து ஓட விடுங்கள். வருடக்கணக்கில் காய்ந்த பேஸ்ட் சூட்டில் கொஞ்சம் இளகும். அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் வடித்துவிடுங்கள். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கி, நடுநடுவே தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் மின்சாரத்துக்கு அது போதும். ஏசி அறையில் கார்ப்பெட் மேல் உட்கார்ந்து செய்வதானால் கையில் மாட்டும் ஸ்ட்ராப் வாங்கிவிடலாம்.

ஃபேன் கம்பியை முதலில் கழற்றுங்கள். ஹீட்சிங்க்கின் நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை எதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிராண்டட் மெஷின்களில் இவை பெரும்பாலும் நட்சத்திர முனை டார்க்ஸ் ஸ்க்ரூ, ஹீட்சிங்க்கிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், கீழே விழாது. நாலும் விட்ட பிறகு நேராக மேலே இழுக்காதீர்கள். இடமும் வலமுமாக லேசாகத் திருகுங்கள். பேஸ்ட்டின் பிடி விடுவது கைக்குத் தெரியும், அப்போது தூக்குங்கள்.

இன்டெலுக்குப் பதில் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் மெஷின் என்றால் இது இன்னும் முக்கியம். அதில் 1331 பின்களும் பிராசஸரின் அடியிலேயே இருக்கும், சாக்கெட் அதைப் பக்கவாட்டில் மட்டும்தான் பிடித்திருக்கும். திருகாமல் இழுத்தால் லாக் போட்டிருக்கும்போதே பிராசஸரும் ஹீட்சிங்க்கோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும். சில பின் வளைந்தே வரும். 2022-இல் வந்த ஏஎம்5-இல் ஏஎம்டியும் பின்களை சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டது.

எல்ஜிஏ 2011 குடும்ப சாக்கெட்டில் இரண்டு லீவர். எதை முதலில் விடுவிப்பது என்று பக்கத்திலேயே சின்னப் பூட்டுப் படம் பொறித்திருக்கும். அழுத்தி, வெளிப்பக்கம் லேசாகத் தள்ளி, மேலே விடவும். இரண்டும் எழுந்த பிறகு உலோகச் சட்டத்தைத் தூக்கலாம். பிராசஸரை விளிம்புகளில் மட்டும் பிடித்து நேராக மேலே எடுங்கள்.

இப்போது சாக்கெட் திறந்து கிடக்கும். இந்த வேலை முழுவதிலும் ஆபத்தான நேரம் இதுதான். 2011 மெல்லிய வளைந்த கம்பிகள், ஒவ்வொன்றும் முடியைவிடக் கொஞ்சம் தடிமன் இருந்தால் அதிகம். சட்டை நுனி பட்டால் வளையும். உள்ளே தூசி தெரிந்தால் வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். துணியால் துடைக்கவே கூடாது. ஊதும் பம்ப் இருந்தால் தூரத்திலிருந்து ஊதுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தால் எல்லாக் கம்பி நுனிகளும் வரிசையாக ஒரே மாதிரி மின்னும். ஒரு புள்ளி மட்டும் இருண்டோ, வரிசை விலகியோ தெரிந்தால் அது வளைந்திருக்கிறது. புதிய பிராசஸரை வைப்பதற்கு முன் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழியுங்கள்.

மாட்டுவது

பிராசஸரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே குறி. பக்க வெட்டுகளும் பொருந்த வேண்டும். வைத்து விட்டால் தானாக உட்காரும். அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. அழுத்தத் தோன்றுகிறது என்றால் தப்பாக வைத்திருக்கிறீர்கள். சட்டத்தை மூடி, லீவர்களைத் திறந்ததற்குத் தலைகீழ் வரிசையில் பூட்டுங்கள். பூட்டும்போது லேசாகக் கிறீச்சிடும், கையும் நன்றாக அழுத்த வேண்டியிருக்கும். முதல் தடவை செய்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் அது இயல்புதான்.

மூடியைச் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும், மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியும் போதும். கொரோனா காலத்து சானிட்டைசர் வேண்டாம், பலதில் கிளிசரின் கலந்திருக்கும், படலமாக ஒட்டிக்கொள்ளும். பேஸ்ட்டுக்குப் பதில் பற்பசை போடும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அது ஈரமாக இருக்கும் வரை வேலை செய்யும், அப்புறம் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். லிக்விட் மெட்டல் என்று விற்பதும் முதல் தடவைக்கு ஆகாது. அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும்.

பேஸ்ட்டின் அளவுக்கு வருவோம். சாதாரண டெஸ்க்டாப் பிராசஸருக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு. இந்த ஜியான்களின் மூடி பெரியது என்பதால் மூலையிலிருந்து மூலைக்கு மெல்லிய பெருக்கல் குறியாக வைப்பது எனக்குப் பிடித்த முறை. ஹீட்சிங்க் அமுக்கும்போது தானே பரவிக்கொள்ளும். புது ஹீட்சிங்க்கின் அடியில் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் பேஸ்ட் பூசி வந்திருந்தால் மேற்கொண்டு வைக்காதீர்கள். அடியில் பாதுகாப்புக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிடுங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அதோடு மாட்டிவிட்டு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஹீட்சிங்க்கை நேராக இறக்குங்கள். வைத்தபின் தூக்கித் தூக்கிப் பார்த்தால் பேஸ்ட்டுக்குள் காற்று புகும். நாலு ஸ்க்ரூவும் முதலில் இரண்டு மூன்று புரி பிடிக்கட்டும். அப்புறம் எதிரெதிர் மூலையாக அரைச் சுற்று, அரைச் சுற்று. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிராசஸர் சாய்ந்து அமுங்கும். அதன் விளைவு சூட்டில் மட்டும் தெரியாது. ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், ஒரு பக்கத் தொடுபுள்ளிகள் சரியாகப் படாதபோது அந்தப் பக்கத்து ரேம் காணாமல் போகும். 32 ஜிபி போட்ட மெஷின் 24 என்று காட்டினால் ரேமைக் குறை சொல்வதற்கு முன் ஹீட்சிங்க்கைத் தளர்த்திச் சமமாக இறுக்கிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் சாக்கெட்டில் வளைந்த கம்பியைத் தேட வேண்டும்.

ஃபேன் கம்பியை மறக்காமல் மாட்டுங்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது

திரை வர வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். புதிய பிராசஸரோடு ரேமை மறுபடி பழக்கிக்கொள்கிறது, ஒன்றிரண்டு தடவை தானாக அணைந்து எழவும் செய்யலாம். பதறிப்போய்ப் பிடுங்க வேண்டாம். நேராக பயாஸுக்குள் போய் பிராசஸர் பெயர், கோர் எண்ணிக்கை, மொத்த ரேம் மூன்றையும் பாருங்கள். சரியாக இருந்தால் விண்டோஸோ லினக்ஸோ புதிதாகப் போட வேண்டியதில்லை, அப்படியே எழும்.

அடுத்து சூட்டுச் சோதனை. விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ வெப்பநிலையையும் ஒவ்வொரு கோரின் வேகத்தையும் காட்டும். லினக்ஸில் வெப்பநிலைக்கு எல்எம்-சென்சார்ஸ், வேகத்துக்கு டர்போஸ்டாட். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பிளெண்டரில் கனமான ஒரு ரெண்டரை அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிரைம்95 மாதிரி சித்திரவதை செய்யும் மென்பொருளும் உண்டு, ஆனால் நிஜ வேலை எதுவும் அவ்வளவு சூடேற்றாது. முதல் சில நிமிடங்களில் வெப்பநிலை ஏறி, பிறகு ஒரு இடத்தில் நிற்க வேண்டும். 70-ஐ ஒட்டி நின்றால் அருமை, 80 வரை கவலையில்லை. நிற்காமல் ஏறிக்கொண்டே போய் 90-ஐத் தொட்டு, அதே சமயம் கோர் வேகமும் இறங்கினால், ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. ஆன் செய்த சில நொடிகளிலேயே 90-க்குத் தாவினால் அடித்தட்டு மூடியைத் தொடவே இல்லை, அல்லது அந்த பிளாஸ்டிக் தாள்.

கழற்றிப் பார்த்தால் பேஸ்ட்டே கதையைச் சொல்லிவிடும். மூடி முழுக்க மெல்லிய சமமான படலமாக இருந்தால் நல்லது. ஒரு ஓரத்தில் மட்டும் தடிமனாக நின்றால் எந்த ஸ்க்ரூ குறைவாக இறுகியது என்று தெரிந்துவிடும். ஒரு தடவை பிரித்த பேஸ்ட்டை அப்படியே வைத்து மறுபடி மூட வேண்டாம். துடைத்துவிட்டுப் புதிதாக வைத்து, மறுபடி அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள்.